பைத்தான் கேள்வி பதில்: வராத லாகும் வந்த 69-உம்

கேள்வி: நிரல் ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்யும் லாகிங் மாட்யூலின் பேசிக்கான்ஃபிக்கில் லெவலை டீபக் என்று வைத்து, ஃபைல் பெயரும் கொடுத்தேன். ஃபைலே உருவாகவில்லை, எர்ரரும் இல்லை. ஏன்?

பதில்: உங்களுக்கு முன்பே ரூட் லாகரில் (எல்லா லாகர்களுக்கும் மேலே இருப்பது) யாரோ ஒரு ஹேண்ட்லரை, அதாவது செய்தியைத் திரைக்கோ ஃபைலுக்கோ அனுப்பும் பகுதியை, மாட்டிவிட்டார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நீங்கள் இம்போர்ட் செய்த லைப்ரரி, இல்லாவிட்டால் அதற்கு முந்தைய வரியில் நீங்களே அவசரமாகப் போட்ட ஒரு லாகிங்.இன்ஃபோ, ஏனென்றால் ஹேண்ட்லர் இல்லாதபோது அதுவே பேசிக்கான்ஃபிக்கைக் கூப்பிட்டுவிடும். ஹேண்ட்லர் ஏற்கெனவே இருக்கும்போது பேசிக்கான்ஃபிக்கைக் கூப்பிட்டால் அது எதுவும் செய்யாமல், சத்தமே இல்லாமல் திரும்பிவிடும். இதை நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 3.8 பதிப்பு முதல் ஃபோர்ஸ்=ட்ரூ கொடுத்தால் பழைய ஹேண்ட்லர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டும்.

கேள்வி: லினக்ஸில் ரா சாக்கெட் (பாக்கெட்டுகளை நேரடியாகக் கையாளும் சாக்கெட்) வைத்து, இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் எழுதுகிறேன். முதலில் பர்மிஷன் எர்ரர். சூடோ போட்டதும் ஓடுகிறது, ஆனால் பதிலின் முதல் பைட் 0 என்று வராமல் எப்போதும் 69 வருகிறது.

பதில்: அனுமதி விஷயம் சரிதான், ரூட் பயனர் அல்லது கேப்_நெட்_ரா (ரா சாக்கெட் திறக்க விடும் லினக்ஸ் உரிமை) வேண்டும். 69-க்கு வருவோம். பதினாறடிமானத்தில் அது 45. 4 என்பது ஐபி பதிப்பு, 5 என்பது ஹெடரின் நீளம், நான்கு நான்கு பைட்டாக, ஆக 20 பைட். ரா சாக்கெட் ஐபி ஹெடரையும் சேர்த்தே தருவதால், நீங்கள் பார்ப்பது அதைத்தான், அதற்குப் பின்னால் இருக்கும் ஐசிஎம்பியை (பிங் பதிலைச் சுமக்கும் நெறிமுறை) அல்ல. ஆனால் 20 என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள், ஆப்ஷன்கள் இருந்தால் ஹெடர் நீளும். முதல் பைட்டின் கீழ் நான்கு பிட்டை எடுத்து 4-ஆல் பெருக்கி, அங்கிருந்து படியுங்கள். அப்புறம், ஐபிவி6-இல் இந்த ஹெடரே வராது.