சின்ன விமானத்தில் முதல் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமானி வேலையைப் பற்றிச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டான். விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்று, மாத இறுதிக்குள் 30,000 ரிங்கிட் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் கழிவு தருவதாகச் சொல்கிறது. சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். கட்டலாமா?
— ஒரு தாயார், சுங்கை சிப்புட்

இப்போது கட்டாதீர்கள், அம்மா. முதலில் மகனுக்குக் கிளாஸ் 1 மருத்துவச் சோதனை முடியட்டும். பொது விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் அதைச் செய்ய வேண்டும். ரத்தம், சிறுநீர், இசிஜி, செவித்திறன், கண் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நிறைய பிள்ளைகள் தடுக்கி விழுவது நிறப்பார்வையில். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். பதினேழு வயது வரை அது வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருந்துவிடும். அட்டையில் தவறினால் அடுத்த கட்டச் சோதனை உண்டு. அதையும் பணம் கட்டும் முன்பே முடித்துவிடுங்கள். சோதனைக்கு ஆகும் செலவு, முன்பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அடுத்தது பணம். வணிக விமானி உரிமம் வரை படித்து முடிக்க மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். சேமநிதியில் கல்விக்கென்று எடுக்கக்கூடியது செஜாத்ரா கணக்கில் இருப்பது மட்டுமே. 2024 மே மாதத்திலிருந்து மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அந்தக் கணக்கில் சேர்கிறது. அதனால் சேமநிதியை மட்டும் நம்பி இதில் இறங்க முடியாது. வீட்டை அடகு வைக்கும் யோசனை இருந்தால், உங்கள் கணவருக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளிக்கு நேரில் போங்கள். விளம்பர அறையில் உட்கார்ந்து பேசியது போதும் என்று திரும்பிவிடாமல், விமானம் நிற்கும் கொட்டகையைக் காட்டச் சொல்லுங்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், பயிற்றுநர் எத்தனை பேர், மாணவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசியாக முடித்த குழுவுக்கு உண்மையில் எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் கேளுங்கள். பயிற்சி இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மாணவர் அல்ல. உதிரிப்பாகம் வராமல் விமானம் நிற்கும், பயிற்றுநர் விமான நிறுவனத்துக்கு மாறிப் போவார், மாலை மழை பறப்பைத் தின்னும். அந்த மாதங்களுக்கெல்லாம் வாடகையும் சாப்பாடும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்றைத் தேடுங்கள். கட்டணத்தில் எத்தனை பறக்கும் மணி அடங்கியிருக்கிறது? கூடுதல் மணிக்கும் மறுதேர்வுக்கும் என்ன விலை? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும்? ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு கட்டும் முறை இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். கையில் இருக்கும் கடைசிக் காசையும் பள்ளிக்கே கொடுத்துவிட வேண்டாம். காரணம் மூன்றாவது கேள்வியின் பதிலில் இருக்கிறது.

கேள்வி: நான் கண்ணாடி போட்டிருக்கிறேன். பெண் வேறு. எனக்கு வாய்ப்பு உண்டா?
— ஆறாம் படிவ மாணவி

உண்டு, தங்கை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு ஜோடிக் கண்ணாடி கைப்பையில் இருக்க வேண்டும். பெண் என்பதற்காக எந்தத் தேர்விலும் தனி விதி கிடையாது. எஸ்பிஎம்மில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் பாடம் ஒன்று ஆகியவற்றில் கிரெடிட் எதிர்பார்ப்பார்கள். ஆங்கிலப் பேச்சை இன்றிலிருந்தே பழகுங்கள். அனைத்துலக அளவுகோலில் குறைந்தது 4-ஆம் நிலை தேவை. அதற்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு உண்டு. 6-ஆம் நிலை வாங்கிவிட்டால் மறுதேர்வே இல்லை.

கேள்வி: உரிமம் வாங்கி 14 மாதம் ஆகிறது. ஏறக்குறைய 200 மணி பறந்திருக்கிறேன். வேலை இல்லை. டர்போபிராப் (புரொப்பெல்லர் சுழற்றிப் பறக்கும் விமானம்) ஓட்டும் சிறிய நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாமா, ஜெட் நிறுவனத்துக்காகக் காத்திருக்கலாமா?
— 24 வயது வாசகர்

விண்ணப்பியுங்கள் தம்பி, இன்றே. ஆனால் அதற்கு முன் உங்கள் தாள்களை எடுத்துப் பாருங்கள். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவிப் பறப்புத் தகுதி 12 மாதத்தில் காலாவதியாகும். கிளாஸ் 1 மருத்துவச் சான்றும் உங்கள் வயதில் 12 மாதம்தான். 14 மாதம் ஆன உங்களிடம் இரண்டுமே முடிந்திருக்கக்கூடும். நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாரத்தில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் வாய்ப்பை இழக்கிறார்கள். தகுதியைப் புதுப்பிக்கும் சோதனைக்கும், இரு விமானிகள் இணைந்து பணியாற்றும் எம்சிசி பயிற்சிக்கும் ஒதுக்கி வைத்த பணம் தேவை. கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள் என்று மேலே அந்தத் தாயாருக்குச் சொன்னது இதற்காகத்தான்.

நேர்காணலில் மனக்கணக்கு கேட்பார்கள். 18,000 அடியிலிருந்து 2,000 அடிக்கு இறங்க வேண்டும்: குறைக்க வேண்டியது 16,000 அடி. ஆயிரத்துக்கு மூன்று மைல் என்று கணக்கிட்டால் 48 கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும், வேகம் குறைக்க இன்னும் சில மைல். தரைவேகம் 240 நாட் (மணிக்கு 240 கடல் மைல்) என்றால் அதை ஐந்தால் பெருக்கி நிமிடத்துக்கு 1,200 அடி இறக்கம். ஓடுபாதைக்கு 30 பாகை விலகி 20 நாட் காற்று அடித்தால் குறுக்குக் காற்று அதில் பாதி, 10 நாட். காகிதம் இல்லாமல், பேசிக்கொண்டே இதைச் சொல்ல வர வேண்டும். தினமும் காலையில் பத்துக் கணக்கு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

சிமுலேட்டர் சோதனையில் பெரும்பாலோர் சறுக்குவது அவசரத்தால். இரட்டை டர்போபிராப்பில் ஒரு எஞ்சின் நின்றால், காற்றில் சும்மா சுழலும் புரொப்பெல்லர் பெரிய இழுவையைத் தரும். விமானம் அந்தப் பக்கம் திரும்பும். அதனால்தான் தகடுகளின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பி ஃபெதர் செய்கிறோம். நேராகப் பிடிக்க நீங்கள் வால் சுக்கானை அசைக்கும் ரடர் மிதிகளில் ஒன்றை அழுத்துவீர்கள். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் போயிருக்கிறது. கால் சொன்னதைக் கருவியில் பார்த்து, பக்கத்து விமானியும் ஒப்புக்கொண்ட பிறகே நெம்புகோலில் கை வைக்க வேண்டும். 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் ஏடிஆர் 72 என்ற இரட்டை டர்போபிராப் விமானம் ஒன்று புறப்பட்டதும் இரண்டாவது எஞ்சினின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. விமானி அணைத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எஞ்சினை. 43 பேர் இறந்தார்கள். தேர்வாளர் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். மெதுவாகச் செய்பவருக்கு மதிப்பெண் குறையாது.

வேலை கிடைத்தால் ஏடிஆர் விமானத்தை ஓட்டுவதற்கென்றே உள்ள வகைத் தகுதிப் பயிற்சியை நிறுவனம் கொடுத்து, சில ஆண்டுகளுக்குப் பிணைப்பு ஒப்பந்தம் கேட்கலாம். இடையில் விலகினால் திருப்பிக் கட்டும் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று படியுங்கள். பயிற்சிச் செலவை முழுக்க உங்கள் தலையில் கட்டி, வேலைக்கு எழுத்தில் உறுதி தராத இடத்தை விட்டு விலகுங்கள்.

ஜெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். குறுகிய தடங்களில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குவீர்கள். அதிகாலையில் மலாக்கா நீரிணையிலிருந்து கரையேறும் சுமத்ராப் புயல் வரிசை, பிற்பகல் இடிமேகம் எல்லாம் நீங்கள் பறக்கும் உயரத்திலேயே இருக்கும். வானிலை ராடாரைச் சாய்த்து வாசிக்கும் பழக்கம் அங்கே கைவந்துவிடும். 1,500 மணி சேர்ந்தால் முழு விமானப் போக்குவரத்து விமானி உரிமத்துக்குத் தகுதி. 12 மாதத்தில் 900 மணிதான் உச்சவரம்பு. ஆண்டுக்கு 600 மணி கிடைத்தாலே இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலில் எட்டிவிடலாம்.

கேள்வி: சரவாக்கில் வேலை கிடைத்தால் போகலாமா? அங்குள்ள விமானம் மிகச் சிறியது என்கிறார்கள்.
— ஒரு தந்தை

போகலாம், ஐயா. 2007 அக்டோபரில் மாஸ்விங்ஸ் என்று தொடங்கி, பிறகு சரவாக் அரசு வாங்கி ஏர்போர்னியோ ஆக்கிய நிறுவனம், ஏடிஆர் 72-ஓடு 19 பேர் அமரும் டுவின் ஓட்டரையும் உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஓட்டுகிறது. டுவின் ஓட்டருக்குள் அழுத்தக் காற்று இல்லை, சக்கரம் மடங்காது. பாரியோ போன்ற மலைநாட்டு ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல். அங்கே வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து, எஞ்சின் சக்தியும் இறக்கையின் தூக்குவிசையும் குறையும். அதனால் எத்தனை கிலோ ஏற்றலாம் என்ற கணக்கு ஒவ்வொரு பறப்புக்கும் மாறும். சில நாள் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தீபகற்பத்துக்காரர் சபா, சரவாக்கில் வேலை செய்ய அந்த மாநிலக் குடிநுழைவுத் துறையின் வேலை அனுமதி தேவை, நாம் மலேசியராக இருந்தாலும். அதை யார் எடுத்துத் தருவார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் யாருடையது என்று, பையனை வழியனுப்பும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.