எல்லாப் பழியும் பல்லுக்கா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம். இரண்டு வாரமாக எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான், பால் கொடுக்கும்போது என்னையும் கடித்துவிட்டான். இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் நாலு மணிவரை அழுகை. தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் தேனில் வசம்பை உரைத்து ஈறில் தடவலாம் என்கிறார். அலுவலகத் தோழி ஒருவர் வெளிநாட்டில் வாங்கிய மரத்துப்போகும் ஜெல்லும் அம்பர் என்ற மரப்பிசின் மணிமாலையும் கொடுத்திருக்கிறார். நேற்றிலிருந்து காய்ச்சல் வேறு, 38.4 டிகிரி செல்சியஸ். ‘பல் முளைக்கிற காய்ச்சல்தான்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைச் செய்வது, எதை விடுவது?
தூக்கம் தொலைத்த தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 38.4 டிகிரி பல்லால் வந்ததில்லை. பல் வரும்போது உடம்பு லேசாகக் கதகதக்கலாம். 38ஐத் தொட்டுவிட்டால் மருத்துவர்கள் வேறு காரணத்தைத்தான் தேடுவார்கள். இதைப் படிக்கும்போதும் காய்ச்சல் இருந்தால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். பிள்ளையைப் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். (இதைப் படிக்கும் வேறு தாய்மாருக்கு: மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கவே கூடாது, நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.)

பல்லுக்கு இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது என்று யோசித்தால் புரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாத வாக்கில் கீழ்வரிசையின் நடுப்பல் எட்டிப் பார்க்கும். சிலருக்கு நாலு மாதத்திலேயே, சிலருக்குப் பிறந்தநாள் நெருங்கும்போது. அதே ஆறாம் மாதத்தில்தான் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்குகிறது, பிள்ளை தவழ்ந்து தரையில் கிடப்பதை வாயில் போடுகிறது. நம் ஊரில் பல தாய்மார் பேறுகால விடுப்பு முடிந்து, பிள்ளையைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விடுவதும் அதையொட்டித்தான். கிருமிக்கு வாசல் திறந்திருக்கிறது, பல்லும் அதே நேரத்தில் வருகிறது. இருபது பால் பற்களும் வந்து முடிய இரண்டரை, மூன்று வயதாகும். அதுவரை ஏதாவது ஒரு பல் வந்துகொண்டேதான் இருக்கும், எந்த நோயையும் அதன் தலையில் கட்டலாம்.

நானும் கட்டியவள்தான். என் மகளுக்குப் பதினொரு மாதம் இருக்கும். எச்சில் வழிந்தது, சாப்பாட்டைத் தள்ளினாள், தொட்டால் அழுதாள். மேல்பல் வருகிறது என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் காலை பராமரிப்பு நிலையத்து வாசலில் ஆசிரியை வழக்கம்போல டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தொண்டைப் பக்கம் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புண்கள். பாதத்திலும் இரண்டு மூன்று கொப்புளம். கை, கால், வாய் நோய். பல் என்று நினைத்த எச்சிலெல்லாம் விழுங்க முடியாத வலியால் வழிந்தது. அன்றிலிருந்து எச்சில் வழியும் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் எனக்கு டார்ச் ஞாபகம் வரும். நீங்களும் இன்றே ஒரு தடவை பாருங்கள். ஈறு மட்டும் சிவந்து வீங்கியிருந்தால் பல். நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை என்று எங்காவது புண் தெரிந்தால், அல்லது கை, பாதம், பின்புறத்தில் கொப்புளம் இருந்தால், கதை வேறு.

சரி, காய்ச்சலை மருத்துவர் பார்த்துக்கொள்வார். இனி பல்லுக்கு வருவோம்.

பல்லால் வரும் சிணுங்கல் பொதுவாக ஒரு பல் வெளியே வருவதற்கு நாலு நாள் முன்னே தொடங்கி, வந்த பிறகு மூன்று நாளில் அடங்கிவிடும். ஏறக்குறைய ஒரு வாரம். அந்த வாரத்தைத் தாண்டக் குளிர்ச்சியும் அழுத்தமும் போதும். நான் செய்தது இதுதான்: மெல்லிய பருத்திக் கைக்குட்டையைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் பிழிந்து, ஒரு முனையில் பெரிய முடிச்சுப் போட்டு, மூடியுள்ள டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைப்பேன். முடிச்சைப் பிள்ளை வாயில் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்துக்கொள்வேன். ஈரம், குளிர்ச்சி, கடிக்க ஒரு பிடிமானம், மூன்றும் அதில் உண்டு. கடைகளில் விற்கும் ரப்பர் கடிப்பான் வாங்கினாலும் கீழ்த்தட்டிலேயே வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் கல்லாகி ஈறைப் புண்ணாக்கும். உள்ளே நீர் அடைத்தவை கிழிந்து ஒழுகும், ஒரே வார்ப்பாக வருவதை வாங்குங்கள். திட உணவு தொடங்கியாகிவிட்டது என்றால் குளிர்ந்த பப்பாளி மசியல், தயிர் நன்றாகப் போகும். பச்சைக் கேரட் துண்டு வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இதைவிடவும் எளிதானது விரல். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிய சுட்டுவிரலால் வீங்கிய இடத்தை மெதுவாக, கொஞ்சம் அழுத்தி ஒன்றிரண்டு நிமிடம் தேய்த்தால் பிள்ளை அப்படியே அழுகை அடங்கி அமைதியாகும். இந்த வேலையை உங்கள் மாமியாரிடம் கொடுங்கள் என்பது என் யோசனை. அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருக்கிறது, அந்தத் தவிப்பு நியாயம்தானே. விரலில் தேனும் வசம்பும் இல்லாமல் இருந்தால் போதும்.

தேன் ஏன் கூடாது என்பதை அவரிடம் காரணத்தோடு சொல்லுங்கள். பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்து தேனில் இருக்கலாம். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், உடம்பு துவண்டு மூச்சுவரை பாதிக்கும். வசம்பைப் பற்றித்தான் அவரிடம் அதிகம் வாதாட வேண்டியிருக்கும். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர், இரவில் பேர்கூடச் சொல்லமாட்டார்கள், அவ்வளவு மரியாதை. ஆனால் அதில் இருக்கும், ஆய்வில் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். எத்தனை உரசல் போனால் எவ்வளவு உள்ளே போகும் என்று நம்மால் அளக்கவும் முடியாது. பிள்ளை கையில் வளையமாகக் கட்டுவதும் வேண்டாம், நேராக வாய்க்குத்தான் போகும். பழையதுதான் தப்பு என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பல் பவுடர் என்று பாதரசம் கலந்த பொடியை 1950கள் வரை குழந்தைகளுக்குக் கொடுத்துக் கை, கால் சிவந்து தோல் உரியும் நோயை வரவழைத்தார்கள். அங்கேயும் பல் மேல்தான் பழி.

தோழியின் பரிசுகள் இரண்டையும் எடுத்து வையுங்கள். ஜெல் டப்பாவில் பென்சோகெயின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ல் எச்சரித்தது, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை அது குறைத்துவிடலாம் என்பதற்காக. லிடோகெயின் என்று இருந்தாலும் வேண்டாம். எப்படியும் தடவிய இரண்டு நிமிடத்தில் எச்சிலோடு போய்விடும், வலிக்கு என்ன பயன்? அம்பர் மாலைக்கு நன்மை என்று நிரூபணம் ஏதும் இல்லை, கழுத்தை இறுக்கும் ஆபத்து மட்டும் நிஜம். தோழி கேட்டால் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், பொய்யில்லை.

நிஜமாகவே வலியில் துடிக்கும் இரவுக்குப் பாரசிட்டமால் சிரப் உண்டு. வயதை வைத்துக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். ஒரே மாதிரி பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் இருக்கும், 250ம் இருக்கும். பிள்ளையின் எடையைச் சொல்லி மருந்தாளரிடம் அளவைக் கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள். இது டெங்கி உள்ள ஊர், காய்ச்சல் இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் இபுபுரோஃபன் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் எப்போதுமே கிடையாது.

கடிக்கிறானே என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடிப்பார்கள். உறிஞ்சுவது நின்று பார்வை அலைந்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்துவிடுங்கள். இழுத்தால் உங்களுக்குத்தான் வலி. கத்தவும் வேண்டாம், சில பிள்ளைகள் அதையே வேடிக்கையாக எடுத்துக்கொண்டு மறுபடி செய்யும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் எச்சில் கழுத்து மடிப்பில் தேங்கிச் சிவந்துவிடும். துடைக்காதீர்கள், ஒற்றி எடுத்து மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பல் தெரிந்த நாளிலிருந்து மென்மையான பிரஷ், அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட். பால் பாட்டிலோடு தூங்கவைக்க வேண்டாம்.

என் அம்மா வழி யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் முதல் பல் தெரிந்ததும் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி வெட்டிக் கொழுக்கட்டையில் பதித்து, பிள்ளையை உட்காரவைத்துத் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து அந்தக் கொழுக்கட்டைகளை மெதுவாகக் கொட்டுவோம். தஞ்சாவூர் மாமியாருக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம், சொன்னால் மாவு பிசைய உட்கார்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன். தரையில் உருண்டதையெல்லாம் பிள்ளைக்கு முன்னால் நீங்கள் பொறுக்கிவிடுங்கள், தேங்காய்ச் சொட்டை மெல்ல இன்னும் பத்தொன்பது பல் வர வேண்டும்.