பழைய கீசர், ஃபர்னஸ்: சூட்டை அளப்பது எப்படி?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வாடகை வீடு. குளியலறையில் பழைய கீசர். லேபிளில் எழுத்தே இல்லை. 25 லிட்டர், 2000 வாட் என்கிறார் வீட்டுக்காரர். இரண்டாவது ஆள் குளிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடுகிறது. அவர் சொல்வது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கரன்ட் மீட்டர், கடிகாரம், சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது.

முதலில் வாட். வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டரை மறக்காதீர்கள், பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கணக்கு கெட்டுப்போகும். கீசரை மட்டும் போட்டு, மீட்டரில் சிமிட்டும் விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பில் அச்சிட்டிருக்கும். எண்ணியதை 60-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் கிலோவாட் வரும். 3200 போட்ட மீட்டரில் 107 சிமிட்டல் என்றால் 2 கிலோவாட். 85 தான் வந்தால் எலிமென்ட் (உள்ளே சூடாகும் கம்பி) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமென்ட் 205 வோல்ட்டில் 1590 வாட்தான் தரும். எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடும் ஜனவரிக் காலையில் வோல்ட்டேஜ் இறங்குவது சகஜம். மதியம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். போர்வெல் உப்பு படிந்தாலும் வாட் குறையாது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் எலிமென்ட்தான் கருகும்.

அடுத்து லிட்டர். 1 யூனிட் கரன்ட் 860 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்கும். கீசரை அணைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் வரும்வரை சூடுகுழாயைத் திறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீரின் சூட்டைக் குறித்துக்கொண்டு, குழாயை மூடி, கீசரைப் போடுங்கள். கீசரின் விளக்கு அணைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, வரும் வெந்நீரின் சூட்டை அளந்து பாருங்கள். 15 டிகிரியில் தொடங்கி 60-ல் முடிந்தால் ஏறியது 45. இதற்கு 2 கிலோவாட் கீசர் 25 லிட்டருக்கு 39 நிமிடம் எடுக்க வேண்டும். 24 நிமிடத்தில் விளக்கு அணைந்தால் உள்ளே இருப்பது 15 லிட்டர்தான். கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

நிமிடம் சரியாக வந்தும் தண்ணீர் சீக்கிரம் ஆறினால் குழாய் இணைப்பைப் பாருங்கள். நீலவளையம் தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வெளியே வர. பிளம்பர் மாற்றிப் பொருத்திவிட்டால் பச்சைத் தண்ணீர் மேலே விழுந்து, டாங்க் முழுவதும் வெதுவெதுப்பாகிவிடும்.

கேள்வி: 1500 வாட் இம்மர்ஷன் ராடை 6 ஆம்பியர் சாக்கெட்டில் போடலாமா?

பதில்: கூடாது. அது 6.5 ஆம்பியர் இழுக்கும்.

கேள்வி: பில் இல்லாமல் விலை குறைத்து வாங்கிய கீசர் மூன்றே மாதத்தில் ஒழுகுகிறது. கடைக்காரர் உங்களைத் தெரியாது என்கிறார்.

பதில்: யுபிஐ-யில் கட்டியிருந்தால் அந்தப் பதிவோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வழி குறைவு. பில் வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே?

கேள்வி: ஜனக்புரி கடையில், 9 ஃபின்னைவிட (ஃபின் என்றால் தகடு) 13 ஃபின் ஆயில் ஹீட்டர் சூடு அதிகம் தரும், கரன்ட் குறைவாக இழுக்கும் என்றார்கள். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். குளிர் வந்தாலே டெல்லிக் கடைகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது. ராடு, ஹாலோஜன், ப்ளோயர், ஆயில் எதுவானாலும் 2000 வாட் இழுத்தால் 2000 வாட் சூடுதான் தரும், மணிக்கு 2 யூனிட் ஓடும். ஃபின் கூடினால் பரப்பு கூடும். தகடு அவ்வளவு கொதிக்காது, அவ்வளவே. அறைக்குச் சேரும் சூட்டைத் தீர்மானிப்பது வாட். மிச்சம் பிடிப்பது தெர்மோஸ்டாட். அது ப்ளோயரிலும் உண்டு. பெட்டியில் 2900 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதில் 400 வாட் பெரும்பாலும் பின்னால் உள்ள ஃபேன் ஹீட்டருடையது. அதை அணைத்தால் 2500. நான் வாங்கிய 11 ஃபின்னிலும் இதே கதைதான். 2900 வாட் என்றால் 12.6 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட் இல்லாமல், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெட்டி உருகும். 1 யூனிட் கரன்டில் 1 யூனிட்டுக்கு மேல் சூடு வேண்டுமென்றால் ஹாட் அண்ட் கோல்டு ஏசி ஒன்றுதான் வழி. அது வெளிக்காற்றில் உள்ள சூட்டையும் சேர்த்து உள்ளே கொண்டுவருகிறது.

கேள்வி: முனிர்காவில் தனியாக இருக்கும் அம்மாவிடம், பழைய கீசருக்கு 'பவர் எலிமென்ட்' என்று ஒன்றைப் போட்டு 3,000 ரூபாய் வாங்கிப்போனார் மெக்கானிக். இப்போது பிளக் கருகுகிறது.

பதில்: அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், நம்பி வீட்டுக்குள் விட்டவரை ஏமாற்றியிருக்கிறார்கள். கீசரை இன்றே எம்.சி.பி.யில் அணைத்துவிடுங்கள். வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்து, வயரைக் கழற்றி எலிமென்ட்டின் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். 2000 வாட்டுக்கு 26 ஓம் சுமார் இருக்கும். 17, 18 காட்டினால் அது 3000 வாட். 13 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட்டை நினைத்துப் போட்ட பழைய வயரும் தளர்ந்த சாக்கெட்டும் இதைத் தாங்காது. அந்த மாடலுக்கான எலிமென்ட்டையே போட்டு, பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். கருகிய பிளக்கைத் தூக்கி எறிய வேண்டாம், படமும் எடுத்து வையுங்கள். காசு வாங்கிச் செய்யும் பழுதுபார்ப்பும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆர்.கே.புரத்திலிருந்து எழுதுகிறோம். சிகாகோவில் மகன் வாங்கிய பழைய வீட்டில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ். 1,00,000 பிடியு (மணிக்கு இவ்வளவு சூடு என்ற அளவு) என்று போட்டிருக்கிறது. அதே அளவில் புதிது வாங்கச் சொல்கிறார் கான்ட்ராக்டர். சரியா?

பதில்: அந்த எண் பெரும்பாலும் உள்ளே போகும் கேஸின் கணக்கு. பைலட் விளக்கு (எப்போதும் எரியும் சிறு சுடர்) உள்ள பழைய ஃபர்னஸ் அதில் 56 முதல் 70 சதவீதத்தைத்தான் வீட்டுக்குத் தரும். மீதி புகைபோக்கியில் போய்விடும். அதாவது வீட்டுக்குச் சேர்வது 56,000 முதல் 70,000. 95 சதவீதம் தரும் புதியதை 1,00,000 அளவில் வாங்கினால் 95,000 வந்து சேரும். தேவைக்கு மேல் பெரிதானால் அடிக்கடி பற்றி அணையும். பாகங்கள் தேயும், அறைக்கு அறை சூடு மாறும்.

லேபிளைச் சரிபார்க்க மகன் கேஸ் மீட்டரைப் பார்க்கட்டும். அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எல்லாம் அணைத்து, ஃபர்னஸ் மட்டும் எரியும்போது 2 கன அடி முள் ஒரு சுற்று வர எத்தனை வினாடி என்று குறிக்க வேண்டும். 72 வினாடி என்றால் மணிக்கு 100 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 1,000 பிடியு. சரியான எண் கேஸ் பில்லில் இருக்கும். பெருக்கினால் உள்ளே போவது தெரிந்துவிடும். பிறகு கான்ட்ராக்டரிடம் 'மேனுவல் ஜே' முறையில் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்குப் போட்டு எழுத்தில் தரச் சொல்லட்டும். அந்தத் தாளைத் தராதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.