மூன்றாவது முறை நீட் வேண்டாம், அம்மா

குடியாத்தத்திலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். நீட் இரண்டு தடவை எழுதியாயிற்று. கோச்சிங் போக வேண்டிய டிசம்பரில் யாரிடமும் சொல்லாமல் காட்பாடியில் ரயிலேறி, திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போய்விட்டான். "பையன் கெட்டுப்போயிட்டானா சார்?" என்று கேட்டு அழுதீர்கள். அன்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்பதால் எழுதுகிறேன்.

சொல்லாமல் போனது தப்பு. அதை அவனிடமே சொல்லிவிட்டேன். ஆனால் மூன்றாவது முறைக்குப் பணம் கட்டாதீர்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது, டாக்டர் என்றால் தனி மரியாதைதான். அதற்காக உங்கள் கொழுந்தனார் ஆசைக்கு நீங்கள் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

விழாவில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். கதை சொல்லவில்லை. ஒரு படத்தில் மழை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது என்று சொன்னான். அப்புறம் போனில் பதிந்து வைத்திருந்த சத்தத்தைப் போட்டான். கேட்டதுமே நீங்கள், "இது நம்ம வீட்டுத் தறி, நாடா ஓடுற சத்தம்" என்றீர்கள். அந்தக் காது உங்களிடமிருந்துதான் வந்திருக்கிறது.

1996இல் தொடங்கிய அந்த விழாவைக் கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்ர அகாதமி நடத்துகிறது. புதிய மலையாளப் படங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பெரிய நடிகர் இல்லாத படம்கூட அங்கே நல்ல ரசிகர்களைச் சந்திக்கிறது. எடுத்தவர்களும் பார்ப்பவர்களும் ஒன்றாகவே புழங்குவதால், அடுத்த படத்துக்கான ஆட்களும் அங்கேயே அறிமுகமாகிறார்கள். சென்னையிலும் 2003 முதல் இப்படி ஒரு விழா நடக்கிறது, தமிழ்ப் படங்களுக்குப் போட்டியும் உண்டு.

தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்கு அவன் விண்ணப்பிக்கட்டும். அவன் படித்த இயற்பியல் அங்கே வீண்போகாது. படப்பிடிப்பில் மைக் பிடிப்பது, டப்பிங், காலடியும் பாத்திரமும் புடவைச் சரசரப்பும் தனியாகப் பதிவது, கடைசியில் எல்லாவற்றையும் அளவாகக் கலப்பது, எல்லாம் இந்தத் தொழில்தான். 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தவரே.

தரமணியில் இடங்கள் குறைவு. முதல் சில வருடம் வருமானமும் குறைவாகத்தான் இருக்கும். அங்கே இடம் கிடைக்காவிட்டால் லட்சக்கணக்கில் கட்டித் தனியாரில் சேர்க்காதீர்கள். ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேரட்டும், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

வியாழக்கிழமை மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பதிவுகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கொழுந்தனாரும் வரட்டும், அவரிடம் நானே பேசுகிறேன்.