இரண்டரை மில்லிமீட்டர் போனவர்கள்

கேள்வி: 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். 66 ஆண்டுகளில் சந்திரனில் கால் வைத்துவிட்டோம். இதே போக்கில் போனால் இன்னும் நூறு ஆண்டில் பக்கத்து நட்சத்திரத்துக்கு மனிதன் போய்விடுவான் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். விமானம் பறக்காது என்றவர்களும் அன்று இப்படித்தானே சிரித்தார்கள்?

பதில்: விமானம் பறக்காது என்று சிரித்தவர்களின் தலைக்கு மேலேயே காக்கை பறந்துகொண்டிருந்தது. காற்றைவிடக் கனமான ஒன்று பறக்கும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருந்தும் நம்ப மறுத்தார்கள். அது அவர்கள் தப்பு. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்த காக்கை ஒன்றைக் காட்டுங்கள், உங்கள் நண்பர்களை நானே கண்டிக்கிறேன்.

அப்புறம், அந்த 66 ஆண்டுக் கணக்கு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள 15 கோடி கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த அளவில் சந்திரன் இருப்பது இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி. மனிதன் இதுவரை போன தூரம் அவ்வளவுதான். நெப்டியூன் 30 மீட்டரில் இருக்கிறது. 1977-ல் கிளம்பி நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம் கூட 200 மீட்டரைத் தொடவில்லை. சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி எங்கே இருக்கிறது தெரியுமா? 268 கிலோமீட்டரில்! வாயேஜரின் வேகத்தில் அங்கே போக சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும்.

வேகத்தைக் கூட்டினால் போச்சு என்பீர்கள். கூட்டுவோம். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் 42 ஆண்டில் போய்விடலாம். உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். கப்பல் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், உங்களை மட்டும் அந்த வேகத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றல், ஹிரோஷிமாவில் வெடித்ததைப் போன்ற 500 குண்டுகளின் ஆற்றல். போய்ச் சேர்ந்ததும் நிறுத்த வேண்டுமே, அதற்கும் அதே அளவு. அந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசு கப்பல்மேல் மோதினால் நூறு கிலோ வெடிமருந்து வெடித்த மாதிரி.

சந்திரனுக்குப் போன வகை ராக்கெட்டால் இது நடக்கவே நடக்காது. எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும், அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். நீங்கள் சொல்லும் அதே 1903-ல் ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் எஞ்சினை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ எரிபொருள் தேவை என்ற விடையில் 1-க்குப் பின்னால் சுமார் 2,900 சைபர்கள் வருகின்றன. நமக்குத் தெரியும் பிரபஞ்சத்தில் உள்ள மொத்த அணுக்களை எண்ணவே ஏறக்குறைய 80 சைபர் போதும்.

அணுக்கரு இணைவில், அதாவது சூரியனுக்குள் நடப்பதுபோல் சிறு அணுக்கருக்கள் சேரும்போது வரும் ஆற்றலில், ஓடும் எஞ்சின் வந்தால் கணக்கு மாறும், உண்மைதான். 1970-களில் பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி அப்படி ஒரு கப்பலைக் காகிதத்தில் வடிவமைத்தது. பெயர் டீடலஸ். போகும் இடம் பர்னார்டு நட்சத்திரம், பயணம் சுமார் 50 ஆண்டுகள். 54,000 டன் எடையில் 50,000 டன் எரிபொருள். அந்த எரிபொருளில் சேரும் ஹீலியம்-3 என்ற அரிய வகை ஹீலியத்தை வியாழன் கிரகத்தின் காற்று மண்டலத்தில் போய் எடுத்துவர வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அதற்கு பிரேக் கிடையாது, நட்சத்திரத்தின் ஓரமாகப் பறந்து போய்க்கொண்டே இருக்கும். மனிதனுக்கு அதில் ஒரு இருக்கைகூடப் போடவில்லை.

வேகமாகப் போனால் கப்பலுக்குள் காலம் மெதுவாகுமே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு அந்தச் சலுகை 42 ஆண்டில் இரண்டரை மாதம்தான்.

எஞ்சினைவிட எனக்குப் பெரிய சந்தேகம் டப்பாவைப் பற்றி. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு வெளியிலிருந்து ஒரு பிடி உணவும் ஒரு மூச்சுக் காற்றும் வராத டப்பா. சர்வதேச விண்வெளி நிலையம் பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலேதான் சுற்றுகிறது. அதற்கே சாப்பாடும் உதிரி பாகங்களும் கீழேயிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். 1991-ல் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகள் அடைந்து கிடந்தார்கள். உள்ளேயே வயல், சிறு காடு, குட்டிக் கடல்கூட உண்டு. ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் சுமார் 14 சதவீதமாகக் குறைந்தது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றின. செடிகள் அதை ஆக்சிஜனாகத் திருப்பித் தந்திருக்க வேண்டும், ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் அந்தக் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. திட்டம் போட்டவர்களில் யாரும் கான்கிரீட்டைச் சந்தேகிக்கவில்லை! கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜனை உள்ளே செலுத்தினார்கள். இது நடந்தது பூமியில், சுவருக்கு அந்தப் பக்கம் காற்று இருக்கும்போது.

நூறு ஆண்டு என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்குள் ஏதாவது போகும் என்றால் அது சில கிராம் எடையுள்ள ஒரு மின்னணுச் சில்லாக இருக்கலாம். லேசர் ஒளியால் தள்ளி, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அதை அனுப்பும் யோசனையை 2016-ல் கோடீஸ்வரர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கும் அறிவித்தார்கள். அதுவும் இன்னும் யோசனைதான். போய்ச் சேர 20 ஆண்டுக்கு மேல், எடுத்த படம் நமக்கு வந்து சேர இன்னும் நாலு ஆண்டுக்கு மேல். அந்தப் படத்துக்கு வேண்டுமானால் உங்களோடு சேர்ந்து நானும் காத்திருக்கிறேன்.