கோரையை அடியோடு வெட்டலாமா?

கேள்வி: வீட்டுக் குளத்தோரம் குடைக்கோரையும், தொட்டிகளில் காரெக்ஸ் எனப்படும் குட்டையான அழகுக் கோரையும் வளர்க்கிறோம். பனிக்காலம் முடிந்ததும் இரண்டும் பழுப்பேறிவிடுகின்றன. காவிரிக்கரையில் பாய்க்கோரையை அறுப்பதுபோல் அடியோடு அறுத்துவிடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: குடைக்கோரையை அறுக்கலாம், காரெக்ஸை அறுக்க வேண்டாம். பாய்க்கோரையைப் போலவே குடைக்கோரையும் மண்ணுக்கடியிலுள்ள கிழங்குத்தண்டிலிருந்து புதுத் தண்டுகளை விடுவதால், பழுத்தவற்றைத் தரையை ஒட்டியே எடுத்துவிடுங்கள். பாதியில் நறுக்கிய தண்டு மேலே துளிர்க்காமல் கட்டையாக நின்று காய்ந்துபோகும். பூங்கதிர்கள் விதையாக முற்றுமுன் அகற்றுவதும் மிக அவசியம், ஏனெனில் மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி ஈரமான ஓடைக்கரைகளில் தானாகவே பரவிவிடும். வெட்டிய பச்சைத் தலைகளைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால் வேர்விடும் என்பதால், அவற்றை ஓடையில் எறிந்துவிடாதீர்கள்.

என்றும் பசுமையான காரெக்ஸ் வகைகளோ மொட்டையடித்தால் மீள்வதற்குப் பெரிதும் திணறும். கையுறை அணிந்து, விரல்களால் தலைவாருவதுபோல் கோதினால் காய்ந்த இலைகள் தாமாகவே கழன்று வரும். நுனி மட்டும் கருகியிருந்தால் அதை மட்டும் கத்தரியுங்கள். இலையோரம் கையைக் கீறும் என்பதால் கையுறையைத் தவிர்க்க வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள உங்கள் ஊரில், குளிர் தணிந்து புதுத் துளிர் கிளம்பும் முன்பான பிப்ரவரி இறுதியே இவ்வேலைக்கு ஏற்றது என்பது என் கருத்து.