இசைக் கேள்வி – பதில்: டிரெய்லர் இசையும் ராக் குழுவும்

கேள்வி: டிரெய்லரில் கேட்ட இசைக்காகவே ஓர் ஆங்கிலப் படத்துக்குப் போனேன். கடைசிவரை அந்த இசை வரவேயில்லை. ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அத்தகைய இசையையே தொழிலாகக் கொண்ட குழு ஏதேனும் உண்டா?

பதில்: ஏமாற்றும் நோக்கம் எதுவுமில்லை, நாள் கணக்குதான் காரணம். பெரும்பாலான ஹாலிவுட் படங்களில் பின்னணி இசை, படத்தொகுப்பு ஏறத்தாழ முடிந்த பிறகே எழுதப்படுகிறது. டிரெய்லரோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே திரையரங்குக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. இன்னும் எழுதப்படாத இசையைப் போட முடியாது என்பதால், பழைய படங்களின் இசையை இரவல் வாங்கி ஒட்டும் வழக்கம் இருந்தது. பிறகு, டிரெய்லருக்கென்றே இசை எழுதிப் பதிவுசெய்து, அதைப் பயன்படுத்தும் உரிமையை விற்கும் நிறுவனங்கள் கலிஃபோர்னியாவில் தோன்றின. யோவ் கோரனும் ஜெஃப்ரி ஃபேமனும் 1990களில் தொடங்கிய இம்மீடியட் மியூசிக் அவற்றுள் முக்கியமானது. இத்தகைய பதிவுகள் நெடுங்காலம் கடைக்கு வரவில்லை. டிரெய்லர் தயாரிப்பவர்களின் மேசைக்கு மட்டுமே போயின. உலகமே கேட்டும் எழுதியவர் பெயர் எவருக்கும் தெரியாத விசித்திரம் அப்படித்தான் நேர்ந்தது.

நீங்கள் கேட்கும் குழு குளோபஸ். கோரன் தம் நிறுவனத்தின் டிரெய்லர் இசையையே அடித்தளமாகக் கொண்டு, பாடல்வரிகளும் பாடகர்களும் மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்து, முழுநீளப் பாடல்களாக வளர்த்தெடுத்தார். ‘எபிக்கான்’ என்னும் முதல் தொகுப்பு 2006-இல் வந்தது. தாமஸ் பெர்கர்சனும் நிக் ஃபீனிக்ஸும் நடத்திவந்த டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல் என்னும் டிரெய்லர் இசை நிறுவனம், 2010-இல் ‘இன்வின்சிபிள்’ தொகுப்பைப் பொதுமக்களுக்கு வெளியிட்டதும் இந்த இசைக்கு வெளிப்படையான ரசிகர் கூட்டம் திரண்டது.

கேள்வி: ராக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது பழைய சங்கதிதானே?

பதில்: பழையதுதான். டீப் பர்ப்பிள் என்னும் பிரிட்டிஷ் ராக் குழு, அதன் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் எழுதிய இசையை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தது 1969-இல். அமெரிக்க ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகா 1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பனியுடன் மேடையேறியது. இவற்றில் ராக் குழு வீட்டுக்காரர், ஆர்கெஸ்ட்ரா விருந்தாளி. குளோபஸ் பாணியில் இந்த உறவு தலைகீழாகிறது: வீடு ஆர்கெஸ்ட்ராவுடையது, கிதார் அதில் ஓர் அறையில் குடியிருக்கிறது.

கேள்வி: இந்த வகை இசையைத் தொடர்ந்து கேட்டால், முதல் பாட்டு உடலைச் சிலிர்க்க வைக்கிறது, நான்காவதில் அலுப்புத் தட்டுகிறது. குறை என்னிடமா, இசையிடமா?

பதில்: உங்கள் காதில் குறை இல்லை. டிரெய்லர் இசை ஏறத்தாழ இரண்டரை நிமிடத்துக்குத் தைத்த சட்டை. மெல்லிய பியானோ அல்லது ஒற்றைக் குரலில் தொடங்கி, வயலின்கள் ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன்மேல் பித்தளைக் காற்றுக்கருவிகளும் டைக்கோ என்னும் பெரிய ஜப்பானிய முரசுகளும் படிப்படியாக ஏற, திடீரென ஒரு நொடி மௌனம். அந்த மௌனத்தில் நாயகன் ஒரு வசனம் பேசுவான். அடுத்து கோரஸோடு எல்லாம் ஒன்றாக இடிக்கும். டிரெய்லரின் படத்தொகுப்பாளர் எந்த இடத்திலும் வெட்டி ஒட்ட வேண்டும் என்பதற்காகவே சுரக்கோவைகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சிலவாகவும் எளிதாகவும் வைக்கப்படுகின்றன; தந்திக் கருவிகள், முரசு, கோரஸ் ஆகியவை தனித்தனித் தடங்களாகவும் தரப்படுகின்றன. காட்சி நிரப்புவதற்கென்று விடப்பட்ட இடங்கள், காட்சியில்லாமல் கேட்கும்போது வெறுமையாகத்தான் ஒலிக்கும். ஐந்து நிமிடப் பாடலாக்கும் குழு அந்த வெறுமையில் ஒரு மெட்டை நட வேண்டும். உச்சத்திலிருந்து இறங்கி வரவும் தெரிந்திருக்க வேண்டும். குளோபஸின் நல்ல பாடல்களில் இது நடக்கிறது, ஒற்றைக் குரல் நின்று நிதானமாகப் பாடும் இடங்களில் குறிப்பாக. மற்றவற்றில் உச்சத்தின் மேல் உச்சம் அடுக்கப்படுகிறது. எனக்கும் அவை தலைவலிதான்.

கோரஸைப் பற்றி ஒரு வார்த்தை. பொருள் புரியாத மொழியில் பலர் சேர்ந்து முழங்கினால் ஏதோ பெரியது நடக்கப்போகிறது என்று மனம் நம்பிவிடுகிறது. இந்த உத்தியின் பெரும் கடன் 1937-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறிய ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃபின் ‘கார்மினா புரானா’ என்னும் கோரஸ் படைப்புக்குச் சேரும். அதன் புகழ்பெற்ற தொடக்கப் பகுதியைப் போர்க்களக் காட்சி போலக் கேட்டுப் பழகிவிட்டோம். இலத்தீன் வரிகளோ, நிலவைப் போல வளர்ந்து தேயும் விதியை நொந்துகொள்ளும் புலம்பல்.

கேள்வி: நாங்கள் ஐவர்: கிதார், பேஸ் கிதார், கீபோர்டு, டிரம்ஸ், ஒரு பாடகி. இந்தப் பாணியை மேடையில் வாசிக்க முயல்கிறோம். எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நெரிசல் கீழ்த்தளத்தில், அதாவது தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிதாரின் தாழ்ந்த தந்தி சுமார் 82. இதற்குள்ளேயேதான் டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் முரசும், கீபோர்டிலிருந்து வரும் பெரிய முரசும், டபுள் பேஸ் ஒலியும் இடம் கேட்கின்றன. பெரிய முரசு இடிக்கும் அடிகளில் பேஸ் கிதார் ஒதுங்கட்டும். கிதார் கலைஞர் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) பாதியாகக் குறைத்து, நீளமான சுரங்களை மட்டும் பிடிக்கட்டும்; வயலின்கள் ஓடும் சொற்றொடரை அவரும் வாசித்தால் இரண்டும் சேர்ந்து மங்கிவிடும். கோரஸைப் பதிவுசெய்த தடத்திலிருந்து ஒலிக்கவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் தாளத்தைக் காட்டும் கிளிக் ஒலி கட்டாயம் வேண்டும். தடம் உங்களுக்காகக் காத்திருக்காது. கடைசி இடிக்கு முன்னால் வரும் மௌனத்துக்காக ஐவரும் வாசிப்பை ஒன்றாக நிறுத்தப் பழகுங்கள். ஒரு சிம்பல் சற்றே ஒலித்துக்கொண்டிருந்தாலும் மௌனம் கெட்டுவிடும், சிம்பலைக் கையால் பிடித்து அடக்க வேண்டும்.